ஏரித் தண்ணீரின் சூடு: டெல்டா மக்கள் கேட்க வேண்டிய மூன்றாவது கேள்வி



காவிரி டெல்டாவில் தண்ணீரைப் பற்றி நாம் வழக்கமாகக் கேட்பவை இரண்டு கேள்விகள்தான். மேட்டூரில் எத்தனை அடி இருக்கிறது? நம்மூர் வாய்க்காலுக்கு எப்போது வரும்? ராஜகிரியிலும் அய்யம்பேட்டையிலும் கூத்தாநல்லூரிலும் அதிராம்பட்டினத்திலும் அஸர் தொழுகை முடிந்து பள்ளிவாசல் திண்ணையில் உட்காரும் பெரியவர்கள் இந்த இரண்டையும் பேசாமல் எழுந்ததில்லை. வளைகுடாவில் இருக்கும் பிள்ளைகள் தொலைபேசியில் அழைத்தாலும் இதே விசாரிப்புதான்.

மூன்றாவது ஒரு கேள்வியும் உண்டு. ஏரியிலும் குளத்திலும் நிற்கும் தண்ணீர் எவ்வளவு சூடாக இருக்கிறது? இதை நாம் கேட்பதில்லை. தண்ணீர் இருப்பதும் இல்லாததும் கண்ணுக்குத் தெரிகிறது. அதன் சூடு இரண்டு டிகிரி கூடியது தெரிவதில்லை. ஆனால் அந்த இரண்டு டிகிரியில் மீனின் மூச்சும், தண்ணீரின் நிறமும், அதில் குளிக்கும் பிள்ளையின் நலமும் அடங்கியிருக்கின்றன. பருவநிலை மாற்றம் ஏரித் தண்ணீரை எப்படிச் சூடாக்குகிறது, அதனால் நமக்கு என்ன நேர்கிறது, ஊர் மக்கள் என்ன செய்ய முடியும் என்பதை இக்கட்டுரையில் பார்ப்போம்.

நம் ஏரிகள் எப்படிப்பட்டவை?

டெல்டாவின் பெரும்பாலான ஏரிகள் இயற்கையாக அமைந்தவை அல்ல. ஆற்று நீரையும் மழை நீரையும் தேக்கிப் பாசனத்துக்கு விட மனிதர்கள் வெட்டியவை. இவற்றில் பெரியது வீராணம். முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 10-ஆம் நூற்றாண்டில், இளவரசர் இராசாதித்தர் தலைமையில் வெட்டப்பட்டதாக வரலாறு சொல்கிறது. பராந்தகனின் 'வீரநாராயணன்' என்ற பட்டப்பெயரே சுருங்கி வீராணம் ஆனது. கொள்ளிடத்தின் கீழணையிலிருந்து வடவாறு வழியாக இதற்குத் தண்ணீர் வருகிறது. கொள்ளளவு 1.465 டிஎம்சி. 2004 முதல் சென்னைக்கும் இங்கிருந்து குடிநீர் போகிறது.

மன்னார்குடிக்கும் தஞ்சைக்கும் இடையில் உள்ள வடுவூர் ஏரியும் பாசனத்துக்காக அமைந்ததுதான். மேட்டூர் தண்ணீரும் வடகிழக்குப் பருவமழையும் அதை நிரப்புகின்றன. 1999-இல் பறவைகள் சரணாலயமாகவும், 2022-இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ராம்சார் ஈரநிலமாகவும் அது அறிவிக்கப்பட்டது.

இவை அனைத்துக்கும் தாய் மடி மேட்டூர் அணை. 1934-இல் கட்டி முடிக்கப்பட்ட அந்த அணையின் முழு நீர்மட்டம் 120 அடி, கொள்ளளவு 93.47 டிஎம்சி.

மேட்டூரையும் வீராணத்தையும் ஒப்பிட்டால் ஒரு வேறுபாடு உடனே புலப்படும். மேட்டூர் ஆழமானது. வீராணமும் வடுவூரும் நம் ஊர்க் குளங்களும் பரந்து விரிந்தவை, ஆனால் ஆழம் குறைந்தவை. வண்டல் படியப் படிய ஆழம் இன்னும் குறைகிறது. சூடு விஷயத்தில் இந்த வேறுபாடு மிக முக்கியமானது.

ஏரி எப்படிச் சூடாகிறது?

ஏரிக்குச் சூடு வரும் வழிகள் இரண்டு. ஒன்று நேரடி வெயில். மற்றொன்று அதன் மேல் நிற்கும் காற்றின் வெப்பம். சூடு வெளியேறும் வழிகளில் முதன்மையானது ஆவியாதல். தண்ணீர் ஆவியாகும்போது கூடவே வெப்பத்தையும் எடுத்துச் செல்கிறது. மண்பானைத் தண்ணீர் குளிர்ந்திருப்பதும் இதனால்தான். அடுத்து, இரவில் ஏரி தன் வெப்பத்தை வானத்தை நோக்கி விடுகிறது.

பருவநிலை மாற்றம் இந்த வரவு செலவுக் கணக்கைக் குலைக்கிறது. இந்தியாவின் சராசரி வெப்பநிலை 1901 முதல் 2018 வரை சுமார் 0.7 டிகிரி செல்சியஸ் உயர்ந்திருப்பதாக மத்திய புவி அறிவியல் அமைச்சகத்தின் 2020-ஆம் ஆண்டு ஆய்வறிக்கை கூறுகிறது. 1901-இல் கணக்கெடுப்பு தொடங்கியதிலிருந்து நாட்டின் மிக வெப்பமான ஆண்டு 2024 என்று இந்திய வானிலை ஆய்வு மையம் அறிவித்தது. காற்று சூடாக இருந்தால் தண்ணீருக்கு வரவு கூடுகிறது. இரவும் புழுக்கமாக இருந்தால் செலவு குறைகிறது. பகலில் சேர்ந்த சூடு முழுவதும் இறங்குவதற்குள் மறுநாள் வெயில் வந்துவிடுகிறது.

இதனுடன் ஆழமும் சேர்கிறது. அடுப்பில் ஒரு குடம் தண்ணீரும் ஒரு சொம்புத் தண்ணீரும் ஒரே தீயில் இருந்தால் எது முதலில் கொதிக்கும்? ஏரிக்கும் அதே கணக்குதான். ஒரு மீட்டர் ஆழமுள்ள குளத்தில் தண்ணீர் அரை மீட்டராக இறங்கினால், அதே வெயில் அதை ஏறக்குறைய இரண்டு மடங்கு வேகமாகச் சூடாக்கும். மேட்டூர் திறப்பு தாமதமாகி, கோடை நீண்டு, ஏரி பாதியாக வற்றும் ஆண்டுகளில் நடப்பது இதுதான். 2024-இன் தொடக்கத்தில் வீராணம் வறண்டு சென்னைக்குத் தண்ணீர் எடுப்பதையே நிறுத்த நேர்ந்தது. அந்த நிலைக்குப் போவதற்கு முன் எஞ்சியிருக்கும் கொஞ்ச நீர்தான் அதிகம் சூடேறுகிறது.

ஆவியாதலையும் கணக்கிட்டுப் பார்க்கலாம். ஒரு நாளில் 5 மில்லிமீட்டர் தண்ணீர் ஆவியானால், ஒரு ஹெக்டேர் பரப்புள்ள குளம் அன்று மட்டும் 50,000 லிட்டரை இழக்கிறது. சூடு கூடினால் இழப்பு கூடும். இழப்பு கூடினால் ஆழம் குறையும். ஆழம் குறைந்தால் சூடு மறுபடியும் கூடும்.

உலக ஏரிகள் சொல்வது என்ன?

உலகெங்கும் 235 ஏரிகளில் 1985 முதல் 2009 வரை எடுத்த அளவுகளை விஞ்ஞானிகள் தொகுத்து 2015-இல் வெளியிட்டனர். கோடைக்காலத்தில் ஏரிகளின் மேற்பரப்பு நீர் பத்தாண்டுக்குச் சராசரியாக 0.34 டிகிரி சூடாகி வருவதாக அதில் தெரிந்தது. பல இடங்களில் காற்றைவிட ஏரி வேகமாகச் சூடாகியிருந்தது.

ஆப்பிரிக்காவின் டாங்கனீக்கா ஏரியின் கதை நமக்குப் பாடமாக அமையும். தான்சானியா, காங்கோ, புருண்டி, ஜாம்பியா ஆகிய நான்கு நாடுகளின் மக்கள் அதன் மீனை நம்பி வாழ்கிறார்கள். அந்த ஏரியின் மேற்பரப்பு கடந்த 1,500 ஆண்டுகளில் இல்லாத அளவுக்குச் சூடாகியிருப்பதாக 2010-இல் ஓர் ஆய்வு காட்டியது. மேல்நீர் சூடாகி லேசாகும்போது, கனமான அடிநீருடன் அது கலப்பதில்லை. எண்ணெயும் தண்ணீரும் போல அடுக்கடுக்காக நின்றுவிடுகிறது. அடியில் உள்ள சத்து மேலே வராமல் மீன் வளம் குறைகிறது.

'நமது ஊர் எப்போதும் சூடானதுதானே, ஒரு டிகிரி கூடினால் என்ன?' என்று கேட்கத் தோன்றும். இதற்குப் பதில் தண்ணீரின் இயல்பிலேயே இருக்கிறது. சூடான தண்ணீரில் ஒரு டிகிரி ஏற்படுத்தும் அடர்த்தி மாற்றம், குளிர்ந்த தண்ணீரில் ஏற்படுத்துவதைவிட அதிகம். 29 டிகிரியிலிருந்து 30-க்கு ஏறும்போது உண்டாகும் மாற்றம், 10-லிருந்து 11-க்கு ஏறும்போது உண்டாவதைப் போல் மூன்று மடங்கு. ஆகவே மேட்டூர் போன்ற ஆழமான வெப்பமண்டல நீர்த்தேக்கங்களில் சிறிய உயர்வே அடுக்குகளைப் பிரித்து நிறுத்தப் போதுமானது.

மீனின் மூச்சு

மீன் சுவாசிப்பது தண்ணீரில் கரைந்துள்ள ஆக்சிஜனை. தண்ணீர் சூடாகச் சூடாக அது ஆக்சிஜனைப் பிடித்து வைக்கும் திறன் குறைகிறது. ஒரு லிட்டர் நன்னீர் 20 டிகிரியில் சுமார் 9 மில்லிகிராம் ஆக்சிஜனைக் கொள்ளும். 30 டிகிரியில் சுமார் 7.5 மில்லிகிராம். 35 டிகிரியில் 7-க்கும் சற்றுக் குறைவு. அதே நேரம் சூட்டில் மீனின் உடல் வேகமாக இயங்குவதால் அதற்கு ஆக்சிஜன் அதிகமாகத் தேவைப்படுகிறது. வருமானம் குறைந்து செலவு கூடிய குடும்பத்தின் நிலைதான் மீனுக்கும்.

இந்திய ஆறுகளைப் பற்றி 2022-இல் வெளியான ஓர் ஆய்வு, ஆற்று நீர் ஒவ்வொரு டிகிரி சூடாகும்போதும் அது கொள்ளும் ஆக்சிஜன் சுமார் 2.3 சதவீதம் குறையும் என்று கணக்கிட்டது. ஓடும் ஆற்றுக்கே இந்த நிலை என்றால் தேங்கி நிற்கும் குளத்தின் நிலையைச் சொல்ல வேண்டியதில்லை.

கோடையில் ஒரு நாள் விடியற்காலையில் குளத்து மீன்கள் வாயைத் திறந்தபடி மேலே வந்து நிற்பதைப் பலர் பார்த்திருப்போம். இரவு முழுவதும் பாசியும் மீனும் மற்ற உயிர்களும் ஆக்சிஜனைச் செலவழித்துவிடுகின்றன. வெயில் வந்து பாசி மீண்டும் ஆக்சிஜனை உண்டாக்கும் வரை தண்ணீர் மூச்சுத் திணறலில் இருக்கிறது. முந்தைய நாள் மேகமூட்டமாக இருந்திருந்தால் இன்னும் மோசம். காலையில் கட்லாவும் ரோகுவும் செத்து மிதக்கும்போது 'யாரோ விஷம் வைத்துவிட்டார்கள்' என்று ஊரில் பேச்சு கிளம்பும். விஷமாகவும் இருக்கலாம்தான். ஆனால் ஆதாரமின்றி ஒருவர்மீது பழி போடுவதற்கு முன் தண்ணீரின் சூட்டையும் ஆக்சிஜனையும் சோதித்துப் பார்ப்பது நம் கடமை. காற்றை நேரடியாகச் சுவாசிக்கத் தெரிந்த விரால் மட்டும் உயிரோடு இருந்து கட்லா செத்திருந்தால், ஆக்சிஜன் குறைவுதான் காரணமாக இருக்க வாய்ப்பு அதிகம்.

தண்ணீர் பச்சையாவது ஏன்?

வெதுவெதுப்பான, அசையாத, சத்து மிகுந்த தண்ணீர் பாசிக்குப் பிடித்த இடம். சத்து எங்கிருந்து வருகிறது? வயலில் போட்ட யூரியாவும் டிஏபியும் மழையில் கரைந்து வருகின்றன. வீட்டுக் கழிவுநீர் வாய்க்கால் வழியாக வருகிறது. சூடு கூடும்போது மற்றப் பாசிகளைவிட நீலப்பச்சைப் பாசி எனப்படும் நுண்ணுயிர்கள் முந்திக்கொள்கின்றன. மேட்டூர் அணையின் நீர்ப்பிடிப்புப் பகுதியில் தண்ணீர் பச்சையாகித் துர்நாற்றம் வீசுவதும், அதைக் கட்டுப்படுத்த நுண்ணுயிர்க் கரைசல் தெளிப்பதும் செய்திகளில் வந்திருக்கின்றன.

நீலப்பச்சைப் பாசியில் சில வகைகள் கல்லீரலைத் தாக்கும் நஞ்சை உண்டாக்கும். அந்த நஞ்சில் முக்கியமான மைக்ரோசிஸ்டின்-எல்ஆர், குடிநீரில் லிட்டருக்கு 1 மைக்ரோகிராமுக்கு மேல் நீண்ட காலம் இருக்கக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் வரம்பு வைத்திருக்கிறது. தண்ணீரைக் கொதிக்க வைத்தாலும் இந்த நஞ்சு போகாது. பாசியின் உடல் வெடித்து நஞ்சு தண்ணீரில் இன்னும் கலக்கவும் கூடும். 2007-இல் சீனாவின் தாய்ஹு ஏரியில் இத்தகைய பாசி பெருகியபோது ஊசி நகரத்தில் சுமார் 20 லட்சம் பேர் குழாய்த் தண்ணீரைக் குடிக்க முடியாமல் தவித்தார்கள்.

ஆகவே பெயிண்ட் ஊற்றியது போல் பச்சைப் படலம் மிதக்கும் குளத்தில் பிள்ளைகளைக் குளிக்க விடக் கூடாது. ஆடு மாடுகளையும் அங்கே தண்ணீர் காட்டக் கூடாது.

தூய்மை வேறு, பாதுகாப்பு வேறு

இங்கே மார்க்கம் பற்றிய ஓர் ஐயத்தைத் தெளிவுபடுத்துவது நல்லது. மத்ரஸாவில் ஃபிக்ஹு ஓதத் தொடங்கும் மாணவருக்கு முதல் பாடமே தண்ணீர்தான். நாமும் அப்படித்தான் ஓதினோம். நீண்ட நாள் தேங்கியதாலோ பாசி படர்ந்ததாலோ தண்ணீரின் நிறமும் மணமும் மாறினால், அது உளூவுக்குரிய தூய தண்ணீர் என்ற நிலையை இழக்காது என்று ஃபுகஹாக்கள் எழுதியிருக்கிறார்கள். நஜீஸ் கலந்து மாறுவது வேறு, பாசியால் மாறுவது வேறு. இச்சட்டம் மக்களுக்குச் சிரமம் வரக்கூடாது என்பதற்காக உள்ள சலுகை.

ஆனால் 'தூய்மையானது' என்ற சட்டம் 'குடித்தால் தீங்கில்லை' என்ற மருத்துவச் சான்று ஆகாது. இந்த வேறுபாட்டை முன்னோர்களும் அறிந்திருந்தார்கள். வெயிலில் உலோகப் பாத்திரத்தில் சூடான தண்ணீரை உடலில் பயன்படுத்துவது மக்ரூஹ் என்று ஷாஃபிஈ நூல்களில் ஒரு சட்டம் உண்டு. நோய் வரலாம் என்ற அச்சமே அதற்குச் சொல்லப்பட்ட காரணம். ஏரி, குளம் போன்ற பெரிய நீர்நிலைகளுக்கு அது பொருந்தாது என்றும் அதே நூல்கள் சொல்கின்றன. இமாம் நவவீ (ரஹ்) அந்த மக்ரூஹுக்கு வலுவான ஆதாரம் இல்லை என்ற கருத்தையே தேர்ந்தெடுத்தார்கள். இந்த விவாதத்தில் நமக்கு ஒரு பாடம் இருக்கிறது. தண்ணீர் தூய்மையா என்று கேட்ட அறிஞர்கள், அதனால் உடலுக்குத் தீங்கு உண்டா என்றும் தனியாகக் கேட்டார்கள். நாமும் இரண்டையும் கேட்க வேண்டும்.

மூக்கில் செலுத்தும் தண்ணீர்

கேரளத்தில் 2024, 2025 ஆண்டுகளில் அமீபா மூளைக்காய்ச்சலால் சிறுவர்கள் உட்படப் பலர் உயிரிழந்தது நம் பகுதியிலும் கவலையை ஏற்படுத்தியது. இந்நோயை உண்டாக்கும் அமீபாக்களில் முக்கியமானது நெக்லேரியா ஃபௌலேரி. இது வெதுவெதுப்பான நன்னீரில் செழிக்கும். 46 டிகிரி வரை தாங்கும். தண்ணீரைக் குடிப்பதால் இந்நோய் வருவதில்லை. மூக்கு வழியாக ஏறும் தண்ணீரோடு மூளைக்குப் போகிறது. நோய் அரிது. வந்தால் தப்புவது கடினம். ஆரம்பத்திலேயே கண்டறிந்து மருந்து கொடுத்ததால் கேரளத்தில் சிலர் பிழைத்தார்கள்.

இது நம் சமுதாயத்துக்குத் தனியாகத் தெரிய வேண்டிய செய்தி. பாகிஸ்தானின் கராச்சியில், குளத்தில் நீந்தாதவர்களுக்கும் இந்நோய் வந்தது. குளோரின் போதாத தண்ணீரால் உளூச் செய்யும்போது அது மூக்கினுள் சென்றிருக்கலாம் என மருத்துவர்கள் கருதினார்கள். மூக்கிற்குத் தண்ணீர் செலுத்துவது நம் சுன்னத். அதை விடச் சொல்வது நம் நோக்கமல்ல. எந்தத் தண்ணீரைச் செலுத்துகிறோம் என்று பார்க்கச் சொல்கிறோம்.

கோடையில் சூடேறிக் கிடக்கும் குளத்திலோ, பல நாள் மாற்றாத ஹவ்ழிலோ உளூச் செய்ய நேர்ந்தால் தண்ணீரை மூக்கின் மேற்பகுதி வரை வேகமாக உறிஞ்ச வேண்டாம். குளோரின் கலந்த தண்ணீரோ, கொதித்து ஆறிய தண்ணீரோ கிடைத்தால் மூக்கிற்கு அதைப் பயன்படுத்துவது சிறந்தது. குளத்தில் குளித்த சில நாட்களில் பிள்ளைக்குக் கடும் தலைவலி, காய்ச்சல், வாந்தி, கழுத்து விறைப்பு வந்தால் தாமதிக்காமல் மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வேண்டும். 'குளத்தில் குளித்தான்' என்பதை மருத்துவரிடம் மறக்காமல் சொல்ல வேண்டும்.

ஊரும் ஜமாஅத்தும் செய்யக்கூடியவை

வானத்தின் வெப்பத்தை ஓர் ஊர் தனியாகக் குறைக்க முடியாது. ஆனால் ஏரியின் சூட்டைத் தீர்மானிப்பது வானம் மட்டுமல்ல. ஆழம், நிழல், ஓட்டம், கழிவு ஆகிய நான்கும் ஊரின் கையில் இருக்கின்றன.

முதலாவது ஆழம். தூர்வாரிய குளம் மெதுவாகச் சூடாகும். விவசாயிகள் ஏரி, குளங்களில் வண்டல் மண் எடுக்க வட்டாட்சியரிடம் அனுமதி பெறலாம். கஜா புயலுக்குப் பிறகு 2019-இல் பேராவூரணி பெரியகுளத்தை 'கைஃபா' என்ற கடைமடை விவசாயிகளின் சங்கத்தினர் மக்களிடம் நிதி திரட்டித் தூர்வாரியது நம் மாவட்டத்திலேயே உள்ள முன்மாதிரி.

இரண்டாவது நிழல். கரைகளில் புங்கன், நாவல், மருதம் போன்ற மரங்களை வைக்கலாம். சிறிய குளங்களுக்கு இது நல்ல பலன் தரும். பள்ளிவாசல் ஹவ்ழுக்கு மேற்கூரை போட்டு, முறையாக வடித்துத் தேய்த்துக் கழுவி, சுகாதாரத் துறையினர் சொல்லும் அளவில் குளோரின் இட வேண்டும்.

மூன்றாவது ஓட்டம். வரத்து வாய்க்காலும் வடிகாலும் திறந்திருந்தால் தண்ணீர் மாறிக்கொண்டிருக்கும். வாய்க்காலின் மேல் கட்டிய கடையும் வீடும் குளத்தின் மூச்சுக் குழாயை அடைப்பதற்குச் சமம்.

நான்காவது கழிவு. ஓடாமல் தேங்கிய நீரில் சிறுநீர் கழிப்பதையே நபி (ஸல்) அவர்கள் தடுத்த செய்தி புகாரி, முஸ்லிம் இரண்டிலும் பதிவாகியிருக்கிறது. ஒரு மனிதரின் சிறுநீருக்கே தடை என்றால், ஒரு தெருவின் சாக்கடையைக் குளத்தில் விடுவதை எப்படி நியாயப்படுத்துவது?

ஐந்தாவதாக ஓர் எளிய வேலையும் உண்டு. ஒரு வெப்பமானி வாங்கி, வாரம் ஒரு நாள் சுப்ஹுக்குப் பிறகும் அஸருக்கு முன்பும் ஊர்க் குளத்தில் அளந்து ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். நம் மக்தப் பிள்ளைகளும் பள்ளி மாணவர்களும் இதை விருப்பத்தோடு செய்வார்கள். ஐந்தாண்டு கழித்து அந்த நோட்டு ஊருக்கு ஒரு சொத்தாக இருக்கும். மீன் செத்தாலும் தண்ணீர் பச்சையானாலும் அதிகாரிகளிடம் மனுவோடு காட்டக் கையில் ஆதாரம் இருக்கும்.

மேட்டூரில் எத்தனை அடி என்று கேட்பதை நாம் விடப்போவதில்லை. அத்துடன் நம்மூர்க் குளத்தில் எத்தனை டிகிரி என்றும் கேட்கத் தொடங்குவோம். தண்ணீர் அல்லாஹ்வின் அருட்கொடை. அது வருவதற்காக மழைத் தொழுகை தொழுது துஆக் கேட்கும் நாம், வந்த தண்ணீரைக் கெடாமல் வைத்திருக்கும் பொறுப்பையும் ஏற்றுக்கொள்வோம். வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் அதற்குத் தவ்ஃபீக் செய்வானாக!